நாற்பதுக்கு மேல் குடும்பத்தோடு வெளிநாடு: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வெளிநாட்டுப் பயணம் புதுசு இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் தாத்தா காலத்திலேயே உண்டு. கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பெயர். ஆனால் அப்போதெல்லாம் பெரும்பாலும் ஆண் ஒருவர் மட்டும் போவார். வீடு, வயல், அப்பா அம்மா, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மனைவியின் தலையில் இருக்கும். இப்போது நாற்பது வயதைத் தாண்டிய பலர் யோசிப்பது வேறு மாதிரி: வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு எல்லோருமாகக் கிளம்புவது.

அவர்களுக்காக எழுதுகிறேன். விசா வேலையைவிட ஊர் வேலைதான் அதிக நாள் இழுக்கும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கூட்டுப் பட்டா எப்போது பிரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் விசா வந்தபிறகு ஊர் வேலையைப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள்.

முதலில் வயதுக் கணக்கு

எந்த நாடு என்று யோசிப்பதற்கு முன் உங்கள் வயதையும் துணைவரின் வயதையும் ஒரு தாளில் எழுதுங்கள். கனடாவில் நிரந்தரவாசத்துக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் துணைவரோடு விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 100 மதிப்பெண். அது 40 வயதில் 45, 43 வயதில் 15 என்று இறங்கி, 45 வந்ததும் ஒன்றுமில்லாமல் போகிறது. ஆஸ்திரேலியாவின் 189, 190, 491 என்ற எண்ணுள்ள திறன்சார் விசாக்களுக்கு அழைப்பு வரும்போது 45 வயது ஆகியிருக்கக் கூடாது. நியூசிலாந்தின் திறன்சார் குடியேற்றத்தில் 55 வரை இடம் உண்டு. ஜெர்மனியில் 45 தாண்டி முதன்முறையாக வேலைக்கு வருபவர், சம்பளம் ஓர் அளவுக்கு மேல் இருப்பதையோ முதுமைக்கான ஓய்வூதிய ஏற்பாடு இருப்பதையோ காட்ட வேண்டும்.

பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் உரிமம் பெற்ற முதலாளி வேண்டும். அதோடு மருத்துவக் கூடுதல் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776 பவுண்டு. விசா காலம் முழுவதுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், மூன்று வருடம் என்றால் 10,866 பவுண்டு. பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். நர்ஸ் போன்ற சுகாதாரத் துறை விசாவில் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டணம் இல்லை.

நம் வீடுகளில் அதிகம் தவறவிடும் விஷயம் ஒன்று. விண்ணப்பம் என்றாலே கணவர் பெயரில் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கணவருக்கு 43, கல்லூரி ஆசிரியர். மனைவிக்கு 37, ஸ்டாஃப் நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கனடாவுக்குக் கணவர் முதன்மை விண்ணப்பதாரர் ஆனால் வயதுக்கு 15 மதிப்பெண்தான். மனைவி ஆனால் 60. போதாததற்கு நர்ஸ் வேலைக்குத் தேவை இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் 45 வரம்பு முதன்மை விண்ணப்பதாரருக்குத்தான். எனவே இருவர் பெயரிலும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனைவி பெயரில் போவதில் சங்கடப்பட ஒன்றுமே இல்லை. குடும்பத்தில் இரண்டு பேர் படித்திருப்பதன் பலன் அது.

சிங்கப்பூர், வளைகுடா யோசிப்பவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். சிங்கப்பூரில் கூலி வேலைக்கான ஒர்க் பெர்மிட்டில் போனால் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. திறன் வேலைக்கான எஸ் பாஸ் அல்லது உயர் வேலைக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் இருந்து, மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால்தான் மனைவி மக்களுக்கு டிபெண்டண்ட் பாஸ். நிரந்தரவாசம் கிடைத்தால் மகனுக்குத் தேசிய சேவை என்ற கட்டாயப் படைச் சேவைக் கடமை வரும். அதையும் தெரிந்துகொண்டு போங்கள். அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். ஆனால் வேலை போனால் எல்லோருடைய விசாவும் சேர்ந்து போகும். முப்பது வயதில் அது பெரிய விஷயம் இல்லை. நாற்பத்தைந்தில் போகிறவர், அறுபதில் எங்கே இருப்போம் என்பதற்கு இப்போதே பதில் வைத்திருப்பது நல்லது.

பெயரும் தாள்களும்

தமிழ்நாட்டுக்காரருக்கு வரும் முதல் தலைவலி பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. செந்தில் என்பதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் டி-எச் போட்டும் இன்னொன்றில் டி மட்டும் போட்டும் எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமீரகத்தின் விசிட் விசாவுக்குக்கூட 2022 நவம்பர் முதல் தடை. முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதன் எழுத்துக்கு ஒத்துவரும்படி மாற்றுங்கள். பாஸ்போர்ட் கடைசியில். திருச்சி மண்டல அலுவலகத்தின் சேவை மையம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்து பிறப்புச் சான்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிராமத்தில் பிறந்த பலருக்கு அது இருக்காது. இருந்தாலும் பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பதிவே இல்லை என்றால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டிவரும். முன்னதாகவே தொடங்குங்கள். திருமணப் பதிவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன் கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் முடித்த பலர் பதிவே செய்யவில்லை. பத்திரிகையும் போட்டோவும் விசாவுக்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

படிப்புச் சான்றிதழில் வரிசை முக்கியம். கனடாவுக்கான கல்வி மதிப்பீடு ஐந்து வருடம் செல்லும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான். ஆகவே மதிப்பீட்டை முதலில் முடியுங்கள், மொழித் தேர்வை அப்புறம் எழுதுங்கள். பாரதிதாசனோ அண்ணாமலையோ, மதிப்பெண் தொகுப்பைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு அனுப்ப வேண்டியிருக்கும். தொலைதூரக் கல்வியில் படித்த பட்டம் என்றால் அதை அந்த நாடு ஏற்குமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு மற்ற செலவில் இறங்குங்கள்.

நாற்பதுக்கு மேல் நம் பக்கத்தில் பலருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறது. மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரைக்காக மட்டும் கனடாவோ ஆஸ்திரேலியாவோ பொதுவாக விசா மறுப்பதில்லை. மறைத்தால்தான் ஆபத்து.

நிலம்

இதில் நின்று நிதானமாகப் பேச வேண்டும். டெல்டாவில் பத்திரம் தாத்தா பெயரில், பட்டா பெரியப்பா பெயரில், சாகுபடி அப்பா என்று இருப்பது சகஜம். அண்ணன் தம்பிகள் வாய்வார்த்தையாகப் பிரித்திருப்பார்கள்: வாய்க்காலுக்குக் கிழக்கே ஒன்பது மா உனக்கு, மேற்கே எனக்கு. எல்லோரும் ஊரில் இருக்கிறவரை அந்த வார்த்தை நிற்கும். ஒருவர் கடல் தாண்டிப் போய், அடுத்த தலைமுறை தலையெடுத்த பின் அது நிற்பது கஷ்டம்.

வில்லங்கச் சான்று எடுங்கள். பாகப்பிரிவினையைப் பத்திரமாக எழுதிப் பதியுங்கள். பிறகு உட்பிரிவுக்கு மனுப் போட்டு, சர்வேயரை வரவழைத்து அளந்து, தனிப் பட்டா வாங்குங்கள். அளக்கும் நாளில் நீங்களே வரப்பில் நில்லுங்கள். அன்றைக்குத்தான் இத்தனை நாள் பேசாத சங்கதியெல்லாம் வெளியே வரும். பம்புசெட் யார் பங்கில் விழுகிறது, இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பின்னால் இருக்கும் வயலுக்கு டிராக்டர் எந்த வழியாகப் போகும், பொது வரப்பில் நிற்கும் தென்னை யாருடையது. கல் நட்டுக்கொண்டிருக்கும்போதே இதையெல்லாம் பேசி முடித்து, பாதையையும் நீர்வழியையும் பத்திரத்தில் சேர்த்து எழுதிவிட்டால், பத்து வருடம் கழித்து நள்ளிரவில் போன் வராது.

அக்கா தங்கைகளைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989லேயே சட்டமாக்கியது. 2005இல் நாடு முழுவதுக்கும் வந்தது. பங்கைப் பேசுங்கள். வேண்டாம் என்று அவர்களே மனசாரச் சொன்னால் விடுதலைப் பத்திரம் எழுதலாம்.

அடுத்து, யார் சாகுபடி செய்வது? தம்பி பார்த்துக்கொள்கிறாரா, வெளியாருக்குக் குத்தகையா என்பதை முடிவு செய்யுங்கள். சாகுபடி செய்பவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. இந்த மண்ணில் உழுதவர்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது, இருக்க வேண்டியதுதான். நிலத்தை விட்டுத் தூரமாகப் போகும் நீங்கள் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வக்கீலிடம் காட்டி, எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ நீங்களே குத்தகைக்கு வைத்திருந்தால், யார் பெயரில் தொடர்வது என்று அந்த அலுவலகத்திலேயே எழுதிக் கேளுங்கள். சொல்லாமல் கைமாற்றிவிட்டுப் போவது பின்னால் சிக்கலாகும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர் ஆன பிறகு நீங்கள் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஏற்கனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதையும் பெறலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். சம்பாதித்து அனுப்பிப் பக்கத்து வயலை வாங்கிச் சேர்க்கலாம் என்ற கனவு இருந்தால், உங்கள் பெயரில் அது கிளம்புவதற்கு முன் மட்டும்தான் நடக்கும்.

பவர் பத்திரத்தைப் போவதற்கு முன்பே ஊரில் பதிந்துவிடுங்கள். அங்கே போன பின் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வரி கட்ட, பட்டா மனுப் போட, கூட்டுறவுச் சங்கத்திலும் மின்வாரியத்திலும் கையெழுத்துப் போட என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைக் கூடப் பிறந்தவருக்கும் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர் மேல் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. அந்த அதிகாரம் கையில் இருந்தால் அவரைச் சுற்றி நெருக்குகிறவர்கள் வருவார்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கான விஏஓ சான்றும் பணம் ஏறும் வங்கிக் கணக்கும் சாகுபடி செய்பவர் பெயரிலேயே இருக்கட்டும்.

சங்கத்தில் வைத்த நகைக்கடனை மீட்டுவிட்டுப் போங்கள். பிஎம் கிசான் பணம் வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது, எழுதிக்கொடுத்து நிறுத்துங்கள். சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது.

அப்பா அம்மா

போய் ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லாதீர்கள். கனடாவின் சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரு முறை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆஸ்திரேலியாவில் குறைந்த கட்டணப் பெற்றோர் விசாவுக்கு வரிசை பல பத்தாண்டுகள் நீளம். பிரிட்டனில் கிட்டத்தட்ட வழியே இல்லை. வழி இருந்தாலும், வாசல் திண்ணையும் காலை பேப்பரும் தெருவில் போகிறவரோடு நாலு வார்த்தையும் பழகிய எழுபது வயதுக்காரர் பனியில் அடைந்த வீட்டில் எத்தனை மாதம் இருப்பார்?

ஆகவே அவர்கள் ஊரில் இருப்பார்கள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். யார் தினமும் வந்து பார்ப்பது, ராத்திரி நெஞ்சுவலி என்றால் யார் வண்டி எடுப்பது, தஞ்சாவூரா திருச்சியா, எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். மருந்துச் சீட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் இருக்கும்படி செய்யுங்கள். பொறுப்பு எடுக்கும் தங்கைக்கோ தம்பிக்கோ மாதச் செலவுப் பணம் கேட்காமலே போய்ச் சேரட்டும். கேட்க வைப்பதுதான் உறவைக் கெடுக்கிறது.

பேசத் தயங்கும் ஒன்றையும் பேசிவிடுங்கள். ஒரு சாவு விழுந்தால் நீங்கள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பதா, இங்கே இருப்பவர் கொள்ளி வைத்துவிட்டு நீங்கள் காரியத்துக்கு வந்து சேர்வதா? அப்பாவே முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டால் பிற்பாடு யார் மனதிலும் குறை நிற்காது. பல வீடுகளில் பெரியவர்கள் இதைச் சொல்லக் காத்திருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் நேரடி விமானங்கள் இருப்பதால் சென்னை போகாமலே ஊர் வந்து சேரலாம். அவசர டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள்.

பணமும் ஏஜெண்டும்

கனடாவுக்கு வேலை வாய்ப்பு இல்லாமல் போகிறவர் காட்டும் இருப்புத்தொகை கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. ஒரு வேலி நிலம் இருந்தாலும் அதன் மதிப்பு கணக்கில் வராது. ஆறு மாத வங்கி இருப்பைத்தான் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஆறு மாதக் குடும்பச் செலவும் கையில் இருந்தால்தான் முதல் வேலை கிடைக்கும்வரை தூக்கம் வரும். அதற்காக நிலத்தை விற்காதீர்கள். வட்டிக்கு வாங்கியும் போகாதீர்கள். வண்டியை, மனையை, சும்மா கிடக்கும் நகையை விற்கலாம். இந்தியாவிலிருந்து ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்.

வேலை விஷயத்தில் மனசைத் தயார் செய்யுங்கள். இருபது வருட சீனியாரிட்டி அங்கே அப்படியே செல்லாது. ஆசிரியர், நர்ஸ், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் அந்த ஊர் உரிமம் தேவை. அதற்கான தேர்வில் எதையெல்லாம் இங்கிருந்தே முடிக்கலாம் என்று பார்த்து முடித்துவிட்டு ஏறுங்கள்.

ஏஜெண்ட் வைப்பதாக இருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவிலிருந்து வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது; முதலில் அங்கே விசாரியுங்கள். கனடாவுக்கு வேலைக் கடிதம் விற்கிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அப்படி விற்பது குற்றம். 2025 மார்ச் முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்கு மதிப்பெண்ணும் இல்லை. பிரிட்டனில் முதியோரைப் பராமரிக்கும் கேர் வேலை என்று இன்னும் பணம் வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர்களைப் புதிதாக எடுப்பதை அந்த நாடு 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. டூரிஸ்ட் விசாவில் கம்போடியா, மியான்மர், லாவோஸ் போய் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

எப்போது கிளம்புவது

பிள்ளையின் வகுப்பை வைத்து முடிவு செய்யுங்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் பள்ளி செப்டம்பரில், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில், சிங்கப்பூரில் ஜனவரியில், வளைகுடா இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலில் தொடங்கும். ஒன்பதாம் வகுப்புக்கு முன் போனால் பிள்ளைக்குச் சுலபம். பதினொன்றில் இருந்தால் பிளஸ் டூ முடியட்டும். ஆனால் கனடா 22 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளையைத்தான் சார்ந்தவராக ஏற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். தமிழ் எழுதப் படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இருக்கின்றன. டொராண்டோவின் ஸ்கார்பரோ, சிட்னியின் வென்ட்வொர்த்வில், லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

சாகுபடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நிலக்கணக்கை ஒப்படைத்தால், ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் புதிதாகப் பார்ப்பவர் ஒரு நிலைக்கு வந்துவிடுவார். நடுவில் விட்டுப் போனால் உர பாக்கி யாருடையது, அறுப்புக் கூலி யாருடையது என்று மனஸ்தாபம் வரும்.

போய் இறங்கிய பிறகு

முதல் வாரத்தில் அரசு அடையாள எண், வங்கிக் கணக்கு, மருத்துவ அட்டை, பள்ளிச் சேர்க்கை. வாடகை வீட்டுக்கு முந்தைய வீட்டுக்காரரின் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். இரண்டும் இருக்காது என்பதால் ஒரு மாதத்துக்குத் தற்காலிக இடம் பிடித்துக்கொண்டு நேரில் தேடுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கு ஆர்டிஓவில் சர்வதேச அனுமதி வாங்கிப் போங்கள், ஒரு வருடம் செல்லும்.

மனைவிக்கு முதல் ஆறு மாதம் தனிமை அதிகம். ஊரில் பால்காரர், கீரைக்காரம்மா, எதிர்வீட்டு அக்கா என்று பேச்சு ஓயாது. அங்கே பேச ஆளே இருக்காது. கணவர் வேலைக்குப் போய்விடுவார், பிள்ளைகளுக்குப் பள்ளியில் நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். மனைவிக்கும் முதல் மாதத்திலேயே மொழி வகுப்போ பகுதிநேர வேலையோ ஓட்டுநர் பயிற்சியோ பார்த்துவிடுங்கள். செலவைப் பார்த்து இதைத் தள்ளிப்போடும் குடும்பங்களில்தான் திரும்பிப் போய்விடலாம் என்ற பேச்சு முதலில் வருகிறது.

நிரந்தரவாசம் வாங்கியவர்கள் தங்கும் நாள் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கனடாவில் ஐந்து வருடத்தில் 730 நாள் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் சில மாதம் ஊரில் வந்து இருந்து பார்த்துக்கொள்ள அது தாராளமாக இடம் கொடுக்கும். டிக்கெட் போடுவதற்கு முன் நோட்டைப் பார்த்துவிட்டு, மனைவியின் லீவையும் பிள்ளையின் தேர்வுத் தேதியையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.